முதல் பன்னிரண்டு வாரம் யார் பொறுப்பு?

(திருச்சியில் மகளிர் நாளையொட்டி இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மகளிர் நாள் கூட்டம் என்றால் கல்வி, வேலைவாய்ப்பு, சொத்துரிமை பற்றிப் பேசுவது வழக்கம். அவையெல்லாம் பேச வேண்டியவைதான். நான் இன்று வேறொன்றைப் பேச வந்திருக்கிறேன். நாள் தள்ளிப்போன ஒரு பெண்ணுக்கு முதல் மூன்று மாதத்துக்குள் உதிரம் போனால், வயிறு வலித்தால், அவள் எங்கே போவாள்? எந்தக் கதவைத் தட்டுவாள்? இதை மருத்துவர்கள் மாநாட்டில் அல்லவா பேச வேண்டும், சாதி ஒழிப்பு மேடையில் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

இந்த ஊரின் நடுவில் மலைக்கோட்டை நிற்கிறது. அங்கே இருக்கும் சாமிக்குத் தாயுமானவர் என்று பெயர். அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இரத்தினாவதி என்று ஒரு செட்டிப் பெண், நிறைமாதம். பூம்புகாரிலிருந்து மகளைப் பார்க்கப் புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் புரண்டதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். சிவனே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம். இன்றைக்கும் சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள்.

கதை நடந்ததா இல்லையா என்று நான் விவாதிக்க வரவில்லை. அந்தக் கதைக்குள் இருக்கிற பயம் உண்மையானது. இந்தப் பக்கம் வலியில் துடிக்கும் ஒரு பெண், அந்தப் பக்கம் உதவி, நடுவில் ஆறு. திருச்சியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976இல் கட்டப்பட்டது. பழுது பார்ப்பதற்காக 2022-23இல் பல மாதங்கள் அதை மூடியபோது இந்த ஊர் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். ஆறு இருக்கும் ஊரில் மருத்துவம் என்பது மருந்தும் மருத்துவரும் மட்டுமல்ல, எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறோம் என்பதும்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கதையில் சாமி வந்தது பிரசவத்துக்கு. நம் அரசுகளின் திட்டங்களும் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன.

ஒன்றிய அரசின் பிரதமர் பாதுகாப்பான தாய்மைத் திட்டம் 2016இல் வந்தது. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை. யாருக்கு? இரண்டாவது, மூன்றாவது மும்மாதத்தில் இருப்பவர்களுக்கு. அதற்கு அடுத்த ஆண்டு வந்த லக்ஷ்யா திட்டம் பிரசவ அறையையும் மகப்பேறு அறுவை அரங்கையும் மேம்படுத்துவதற்கானது. பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்தில் பேறுகால உதவித்தொகை தவணை தவணையாக வருகிறது. கரு கலைந்துவிட்டால்? அடுத்த கர்ப்பத்தின்போது புதிய பயனாளியாகச் சேர்ந்துகொள்ளலாம் என்கிறது விதி. கலைந்த நாளில் அவள் படுக்கையில் கிடக்கிறாளே, கூலி போனதே, ஸ்கேனுக்குக் கடன் வாங்கினாளே, அதற்கு? அடுத்த முறை வா.

தமிழ்நாட்டின் சாதனையை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. கிராம சுகாதார செவிலியர், இருபத்து நான்கு மணிநேர ஆரம்ப சுகாதார நிலையம், சீமாங் மையங்கள், 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான 18,000 ரூபாய் மகப்பேறு நிதியுதவி. இவ்வளவும் சேர்ந்து கட்டிய எண் அது. வடநாட்டுத் தோழர்கள் வியந்து கேட்கும் எண்.

ஆனால் இந்தக் கட்டமைப்பு முழுவதும் பிரசவ அறையை நோக்கிக் கட்டப்பட்டது. குழந்தை வரப்போகிறது என்றால் ஓடிவரும் ஏற்பாடு, குழந்தை வராது என்று தெரிந்தவுடன் தயங்கி நின்றுவிடுகிறது. கருவைச் சுமப்பவளுக்காகவா, கருவுக்காகவா இந்த ஏற்பாடு என்று கேட்க வேண்டிய இடம் இதுதான்.

முதல் பன்னிரண்டு வாரத்தில் என்னென்ன நடக்கலாம் என்று பார்ப்போம். இங்கே இருக்கும் ஆண் தோழர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண்ணுக்கு உதிரம் படுகிறது. அவர்களில் பலருக்குக் கர்ப்பம் நல்லபடியாகவே தொடர்கிறது. கண்டறியப்பட்ட கர்ப்பங்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு கலைந்துவிடுகின்றன. உலகம் முழுதும் ஆண்டுக்கு 2 கோடியே 30 லட்சம் கருச்சிதைவுகள், அதாவது நிமிடத்துக்கு 44 என்று 2021இல் லான்செட் இதழ் கணக்கிட்டது. தொடக்கத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம்களில் ஏற்படும் பிழை. அவள் மாடிப்படி ஏறியதோ, ஒரு துண்டு பப்பாளி தின்றதோ, கணவனோடு படுத்ததோ காரணமில்லை. படுத்த படுக்கையாகவே கிடந்தால் கலையாது என்பதற்கும் சான்று கிடையாது.

அடுத்தது, கரு கருப்பையில் தங்காமல் கருக்குழாயிலேயே தங்கிவிடுவது. நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு இப்படி ஆகும். குழாய் விரியக்கூடிய இடமில்லை. கரு வளர வளர ஒருநாள் குழாய் வெடித்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியே தெரிவது சில சொட்டுதான். ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம், மலம் கழிக்க வேண்டும் போன்ற உணர்வு. வாயுப் பிடிப்பு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உயிர் போய்விடலாம்.

குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்துகொண்ட பெண்ணை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்வது அரிதிலும் அரிது. ஆணுக்குச் சில நிமிடத்தில் முடியும் எளிய சிகிச்சை, இருந்தும் கத்தி பெண்ணின் வயிற்றில்தான். அறுவைக்குப் பிறகு கரு உண்டாவது மிகக் குறைவு. அப்படி உண்டானால் அவற்றில் மூன்றில் ஒன்று கருக்குழாயில் தங்குகிறது என்று 1997இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது. நாள் தள்ளி வயிறு வலிக்கும் பெண், “நான்தான் ஆபரேஷன் பண்ணிட்டேனே” என்று நினைக்கிறாள். வீடும் அப்படியே நினைக்கிறது. காசநோயும் கருக்குழாயைக் கெடுக்கும். காற்று புகாத ஒற்றை அறையில் ஏழுபேர் படுக்கும் வீடுகளில் காசநோய் யாருக்கு அதிகம் வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, நம் பாட்டிமார் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று பெயர் வைத்தது. கரு உருவாகாமல் நஞ்சுத்திசு மட்டும் முத்து முத்தாகத் திரண்டு வளர்வது. அதை அகற்றிய பிறகும் மாதக்கணக்கில் ரத்தத்தில் எச்.சி.ஜி. அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிலருக்கு அது புற்றுநோயாக மாறும்.

நான்காவது மசக்கை. வாந்தி எல்லோருக்கும் வருவதுதானே என்று தள்ளிவிடுகிறோம். சிலருக்குத் தண்ணீர்கூடத் தங்காமல், உடம்பு வற்றி, சிறுநீர் குறைந்துபோகும். அது மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டிய நிலை.

இவை எல்லாவற்றுக்கும் மருத்துவம் இருக்கிறது. குழாய்க் கர்ப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் வெடித்த பெண்ணை அறுவை செய்து பிழைக்கவைக்க முடியும் என்று இங்கிலாந்தின் லாசன் டைட் காட்டியது 1883இல். அறுவையே இல்லாமல் மெத்தோட்ரெக்சேட் மருந்தால் கருவைக் கரைக்கலாம் என்று ஜப்பான் மருத்துவர்கள் காட்டியது 1982இல். அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக்குழுவை அமெரிக்காவில் வழிநடத்தியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். முத்துப்பிள்ளை புற்றாக மாறினாலும் அதே மருந்து குணப்படுத்தும் என்று 1956இல் கண்டார்கள். நம் கல்லூரியில் படித்தவர் தந்த மருந்து நம் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு நிபந்தனை: குழாய் வெடிப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். காலத்தோடு கண்டால் ஊசி. தாமதித்தால் கத்தி. இன்னும் தாமதித்தால் பாடை.

அதுவும் இங்கே தாமதம் வேறு நாட்டைவிட அதிகமாகக் கொல்லும். தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது அதே குடும்பநல ஆய்வு. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பில் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டினால் அவளுக்குக் கையிருப்பு எவ்வளவு?

காலத்தோடு கண்டுபிடிக்க என்ன வேண்டும்? பெரிய மாயம் ஒன்றும் தேவையில்லை. நல்ல ஸ்கேன் கருவி, உள்வழி ஸ்கேன் பார்க்கத் தெரிந்தவர். பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் 48 மணிநேரம் கழித்து மறுபடியும். ரத்த வகை. இவற்றை ஒரே அறையில், ஒரே நாளில், ஒரே குழு செய்ய வேண்டும். பிரிட்டனில் 1990களின் தொடக்கத்திலிருந்தே இதற்கெனத் தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். ஆரம்பகாலக் கர்ப்ப மதிப்பீட்டுப் பிரிவு என்று பெயர். இப்படிப் பிரித்து வைத்ததால் பெண்கள் தேவையில்லாமல் மருத்துவமனையில் தங்குவதும் செலவும் குறைந்தன என்று 1991இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். முன்பு குழாய்க் கர்ப்பமோ முத்துப்பிள்ளையோ தொடர் கருச்சிதைவோ ஏற்பட்ட பெண், யாருடைய பரிந்துரைக் கடிதமும் இல்லாமல் நேரே அந்தக் கதவைத் தட்டலாம் என்பது அந்நாட்டின் வழிகாட்டு நெறி. மூன்று முறை கலைந்த பிறகுதான் காரணம் தேடுவது என்ற பழைய வழக்கத்தை விட்டு, முதல் இழப்பிலிருந்தே கவனிப்பைத் தொடங்க வேண்டும் என்றது 2021 லான்செட் தொடர்.

அதே லான்செட் தொடர் இன்னொன்றும் சொன்னது. வெள்ளைப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து 40 விழுக்காடு அதிகம். அவர்கள் இனத்தைக் கேட்டுக் கணக்கெடுத்ததால் அது தெரிந்தது. சாதியைக் கேட்டுக் கணக்கெடுத்தால் இங்கே என்ன தெரியவரும்? கணக்கெடுக்காத வரை அது தனித்தனிப் பெண்களின் தலைவிதி. கணக்கெடுத்தால் சமூக அநீதி.

இப்போது சாதிக்கு வருகிறேன்.

தமிழில் ஒரு சொல் இருக்கிறது: தீட்டு. ஒரு மனிதனைத் தொட்டால் தீட்டு என்றார்கள். அதே சொல்லைத்தான் பெண்ணின் உதிரத்துக்கும் வைத்தார்கள். சேரியை ஊருக்கு வெளியே வைத்த அதே மூளை, உதிரம் போகும் பெண்ணை வீட்டுக்கு வெளியே வைத்தது. தட்டு தனி, பாய் தனி, மூலை தனி. யாரும் தொடக்கூடாது. இரண்டும் ஒரே தத்துவத்தின் இரண்டு கைகள்.

இதன் மருத்துவ விளைவைப் பாருங்கள். கரு கலையும் பெண்ணை, குழாய் வெடிக்கும் நிலையில் இருக்கும் பெண்ணை, அருகிலிருந்து யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முகம் வெளுக்கிறதா, நாடி வேகமாக ஓடுகிறதா, மயக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டுப் பார்க்க வேண்டும். தீட்டு என்ன செய்கிறது? தொடக்கூடாது என்று சொல்லி, அவளைத் தனியே உட்காரவைக்கிறது. உதிரம் போகிறது என்று வாய்விட்டுச் சொல்லவே கூச்சப்பட வைக்கிறது. இரவெல்லாம் துணியை மாற்றிக்கொண்டு, விடியட்டும் என்று காத்திருக்க வைக்கிறது. உதிரம் ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கையைத் தீட்டாக்கியதால் எத்தனை பெண்கள் போய்ச் சேர்ந்தார்களோ.

கலைந்த பிறகும் விடுவதில்லை. ராசியில்லாதவள், வயிறு தங்காதவள், நாகதோஷம். தஞ்சை மாவட்டம் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்குக் கரு தங்காத பெண்கள் நெய் வாங்கப் போகிறார்கள். அந்தப் பெண்களைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன், நீங்களும் சிரிக்காதீர்கள். மருத்துவமனையில் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதித் தள்ளிவிட்டார்கள். ஏன் கலைந்தது, அடுத்து என்ன என்று உட்காரவைத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. கோயிலில் அவள் பெயரைக் கேட்டு, அவள் கஷ்டத்துக்கு ஒரு கதையாவது சொல்கிறார்கள். பகுத்தறிவு அந்த இடத்தை நிரப்ப வேண்டுமென்றால் அர்ச்சகரைத் திட்டினால் போதாது. காரணத்தை விளக்கிச் சொல்லும் ஒரு செவிலியரை அரசு மருத்துவமனையில் உட்காரவைக்க வேண்டும்.

அடுத்து உழைப்பு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களில் 5 விழுக்காட்டினருக்குக் கரு கலைந்தது, வெப்பம் தாக்காத வேலையில் இருந்தவர்களில் 2 விழுக்காட்டினருக்கு. களை பறிப்பது யார், சூளையில் கல் அடுக்குவது யார், வெயிலில் உப்பு வாருவது யார் என்று பாருங்கள். சாதி எப்படிக் கருப்பை வரை நுழைகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ரத்தத்தில் இல்லை சாதி. வேலைப் பங்கீட்டில் இருக்கிறது, வெயிலில் இருக்கிறது.

வைகுண்ட ஏகாதசி முடிந்த மறுநாள் திருவரங்கத்து வீதிகளில் குவிந்து கிடக்கும் குப்பையை அள்ளுகிற பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் இரண்டு மாதக் கர்ப்பிணியாக இருந்து, கரு கலைந்தால், எத்தனை நாளில் துடைப்பத்தைத் தூக்க வேண்டும்? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், கருச்சிதைவுக்கு ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு என்றது. அதனால் நோயுற்றால் மேலும் ஒரு மாதம். புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த ஆறு வாரம் இருக்கிறது. தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டே சொல்லிவிட்டது. அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்து, தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் கடமை என்று வாதாடினார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள். ஒப்பந்தக்காரரிடம் இருக்கும் துப்புரவுப் பெண்ணிடம் போய் ஆறு வார விடுப்பு உனக்கு உண்டு என்று சொல்லிப் பாருங்கள். தன்னைக் கேலி செய்கிறீர்கள் என்று நினைப்பாள்.

மூன்றாவது, சாதி மறுத்து மணந்தவர்கள். இங்கேயும் சிலர் இருக்கிறீர்கள். தாய்வீடும் இல்லை, மாமியார் வீடும் இல்லை. ஊர்விட்டு ஊர் வந்து ஒளிந்து வாழும் வீட்டில் நள்ளிரவில் உதிரம் போனால் யாரைக் கூப்பிடுவது? இந்த வட்டாரத்துக்குச் சொந்தமான ஒரு பெயரைச் சொல்கிறேன். முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தேவதாசி மரபில் வந்த தாய், பார்ப்பனத் தந்தை. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய மருத்துவர். தமிழ்நாடு அரசு மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அவர் பெயரை வைத்தது, கலப்புத் திருமண உதவித் திட்டத்துக்கும் அவர் பெயரையே வைத்தது. இரண்டு திட்டமும் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் சந்திக்கிற இடம், சாதி மறுத்து மணந்தவளின் முதல் பன்னிரண்டு வாரம். அங்கே அவளுக்குத் துணை நிற்க வேண்டியது அரசு மருத்துவமனைதான்.

அங்கே போனால் என்ன கேள்வி வருகிறது? கல்யாணம் ஆச்சா? புருஷன் எங்கே, கையெழுத்துப் போட ஆள் இருக்கா? மாத்திரை ஏதாவது போட்டியா? தோழர்களே, தானாகக் கலைந்தாலும் மாத்திரை போட்டுக் கலைந்தாலும் உதிரப்போக்குக்குச் செய்யும் மருத்துவம் ஒன்றுதான். அது உயிரைக் காக்கக் கேட்கும் கேள்வியாக இருக்கலாம், ஒழுக்கத்தை விசாரிக்கும் கேள்வியாக இருக்கக்கூடாது. கருக்கலைப்புக்குக்கூட, 18 வயது நிரம்பிய பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும் என்கிறது சட்டம். கணவன் கையெழுத்து சட்டத்தில் எங்கும் கிடையாது. மணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெரியார் 1930 வாக்கிலேயே கர்ப்பத்தடையைப் பற்றி எழுதும்போது, மற்றவர்கள் தாயின் உடல்நலம், நாட்டின் வறுமை என்று காரணம் சொல்ல, தான் பெண்ணின் விடுதலைக்காகவே அதை வலியுறுத்துவதாகச் சொன்னார். அவர் சிலை இன்று திருவரங்கத்தில் இராசகோபுரத்துக்கு எதிரே நிற்கிறது. மருத்துவமனை வரிசையிலும் அந்தக் கருத்து நிற்க வேண்டாமா?

மதம் படுக்கையருகே நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 2012 அக்டோபரில் 17 வாரக் கர்ப்பத்தில் கரு கலையத் தொடங்கி கால்வே நகர மருத்துவமனையில் சேர்ந்தார். கரு பிழைக்காது என்று தெரிந்தும், அதன் இதயத் துடிப்பு இருக்கும்வரை அகற்ற மறுத்தார்கள். ரத்தத்தில் நச்சுப் பரவி இறந்துபோனார். அந்தச் சாவு கிளப்பிய கோபத்தில் 2018இல் அந்நாட்டு மக்கள் மூன்றில் இரண்டு பங்கு வாக்களித்து அரசமைப்பையே மாற்றினார்கள். அங்கே மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நம் தெருக்களில் இது இன்னும் வீட்டு விஷயம்.

சமூகநீதிக்கும் இதற்கும் இருக்கும் இன்னொரு இணைப்பையும் சொல்லிவிடுகிறேன். இரவு இரண்டு மணிக்கு அரசு மருத்துவமனையில் குழாய் வெடித்த பெண்ணுக்குக் கத்தி எடுக்கும் மகப்பேறு மருத்துவர் எங்கிருந்து வந்தார்? அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் 50 விழுக்காடு இடம் என்று தமிழ்நாடு வைத்திருந்த ஏற்பாட்டின் வழியாக வந்தவர்கள் ஏராளம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து, பிறகு நிபுணராகி, மறுபடியும் அரசு மருத்துவமனைக்கே வந்தார்கள். அதைப் பறிக்கப் பார்த்தார்கள். மருத்துவர்கள் போராடினார்கள். மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. பக்கத்து அரியலூரில் 2017இல் நாம் அனிதாவை இழந்தோம். அவர் போன்றவர்கள் மருத்துவராக வேண்டும் என்று நாம் கேட்பது ஒரு வீட்டுக்குப் பெருமை சேர்க்க மட்டுமல்ல. தீட்டுப் பார்க்காத கை அந்தப் பெண்ணைத் தொட வேண்டும் என்பதற்காகவும்தான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று. இந்த நகரின் மருத்துவக் கல்லூரி, தமிழுக்காக வாழ்ந்த, 1938 இந்தி எதிர்ப்புப் போரில் நின்ற கி.ஆ.பெ. விசுவநாதத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதன் மருத்துவமனை புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. அது போன்ற ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் முதல் பன்னிரண்டு வாரக் கர்ப்பிணிகளுக்கென ஒரு தனி அறை, ஒரு தனிக் கதவு வேண்டும். கடிதம் இல்லாமல் நேரே வரலாம். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்க வேண்டும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அன்றே. கரு கலைந்த பெண்ணைப் பிறந்த குழந்தைகளின் அழுகுரலுக்கு நடுவே படுக்கவைக்கக் கூடாது. கருப்பையைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால், பழைய சுரண்டும் முறைக்குப் பதில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உறிஞ்சும் முறை வேண்டும்.

இரண்டு. திருவரங்கம், இலால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறை போன்ற வட்டங்களின் மருத்துவமனைகள் அந்த அறையோடு தொலைபேசியில் இணைந்திருக்க வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்யும் நாளிலேயே செவிலியர் கொடுக்கும் அட்டையில் ஐந்து ஆபத்து அறிகுறிகளும் அந்த எண்ணும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஆற்றைக் கடக்கும் முன்பே அங்கே ரத்தம் தயாராக இருக்க வேண்டும்.

மூன்று. ஆறு வார ஊதிய விடுப்பு, மாநகராட்சியின் ஒப்பந்தத் துப்புரவுப் பெண்ணிலிருந்து தொடங்கி நடைமுறைக்கு வர வேண்டும். அவளுக்குக் கிடைத்தால் மற்ற எல்லோருக்கும் கிடைக்கும். பிரசவத்துக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் ஒரு பங்கு கரு கலைந்தவளுக்கும் அப்போதே சேர வேண்டும்.

நான்கு. கர்ப்பத்தின் தொடக்கத்தில் நேரும் சாவுகளையும், சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியவர்களையும் மாவட்டவாரியாக, சாதிவாரியாக, தொழில்வாரியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போதோ, அது முடிந்த 42 நாளுக்குள்ளோ கர்ப்பம் தொடர்பாக நேரும் சாவு தாய்ச் சாவுதான், கரு எங்கே தங்கியிருந்தாலும் சரி. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையே அதுதான்.

அரசிடம் கேட்பது மட்டும் நம் வேலையல்ல. நம் வீட்டில் இருந்து தொடங்க வேண்டியவையும் உண்டு. உதிரம் போகும் பெண்ணைத் தனியே உட்காரவைக்கும் வழக்கம் இந்தக் கூட்டத்தில் இருப்பவர் வீட்டிலும் இருக்கலாம், அதை நாளைக்கே நிறுத்துங்கள். உங்கள் துணைவியின், தங்கையின் ரத்த வகையைத் தெரிந்து வைத்திருங்கள். நெகட்டிவ் வகையாக இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ரத்தத்துக்குச் சாதி இல்லை என்று மேடையில் முழங்குகிறோம், அதை ரத்த வங்கியில் போய்ச் சொல்லுங்கள். சாதி மறுத்து மணந்த இணையர் உங்கள் தெருவில் இருந்தால், நள்ளிரவிலும் கூப்பிடலாம் என்று உங்கள் எண்ணை இன்றே கொடுங்கள்.

பூம்புகாரிலிருந்து வந்த அந்தத் தாய் அக்கரையில் நின்று ஆற்றைப் பார்த்து அழுதாள். அன்றைக்கு அவளுக்குப் பாலமும் இல்லை, மருத்துவமனையும் இல்லை. இன்று இரண்டும் இருக்கின்றன. இனி வேண்டியது அந்த ஒரு கதவு. அதைத் திறக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கும் வேலையை, கூட்டம் கலைவதற்கு முன்பே இங்கிருந்து தொடங்குவோம்.